கேட்டுக்கு வெளியே 46 வினாடி

ஓசூரில் ஏறிய பேருந்தில் எங்களுக்கு உட்கார இடமில்லை. மூன்று பேர், ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், கல்லூரி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி, ஒரு கால் மட்டும் பூட்டிக்கொள்ளாத டிரைபாட். அந்தக் கால் வழியெல்லாம் நழுவி நழுவி முன்னால் நின்ற ஓர் அக்காவின் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. மூன்றாவது இடிக்கு அவர் திரும்பினார்.

“என்ன தம்பி இது, தூண்டிலா?”

கேமரா ஸ்டாண்டு என்றேன். எங்கே போகிறோம் என்று கேட்டார். பொம்மசந்திரா என்றதும் சிரித்துவிட்டார்.

“அங்க வேலைக்குப் போவாங்க, இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. படம் புடிக்க யாராச்சும் போவாங்களா? ஊட்டிக்குப் போங்கப்பா.”

விஸ்காம் கடைசி ஆண்டில் ஆளுக்கொரு புகைப்படக் கட்டுரையும், மூன்று பேர் சேர்ந்து பத்து நிமிட ஆவணப்படமும் கொடுக்க வேண்டும். மற்ற குழுக்கள் தெருக்கூத்து, பனையேறி, பாரம்பரிய விதைநெல் என்று பிரித்துக்கொண்டார்கள். தெருக்கூத்தையும் பனையேறியையும் எங்கள் துறை ஆண்டு தவறாமல் அழிவிலிருந்து காப்பாற்றி வருகிறது. எங்கள் குழுவில் ஒலிப்பதிவு பார்த்த தோழி ஓசூர்ப் பெண்; அவளுக்குக் கன்னடமும் தெரியும். தினமும் காலையில் தங்கள் தெருவிலிருந்து எல்லை தாண்டிப் போகிற பெண்களைப் பற்றி எடுக்கலாம் என்று சொன்னது அவள்தான்.

ஆசிரியர் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: முதல் நாள் கேமரா பையை விட்டு வெளியே வரக்கூடாது.

அத்திப்பள்ளி தாண்டும்போது அந்த அக்கா டிக்கெட் கணக்குச் சொன்னார். நேரத்தோடு கிளம்பினால் ஜூஜூவாடி வரை நம்மூர் டவுன் பஸ்ஸில் காசில்லை. அதற்கப்பால் கர்நாடக அரசுப் பேருந்து. அதிலும் பெண்களுக்குக் காசில்லை, 2023 ஜூனில் வந்த சக்தித் திட்டம். ஆனால் அதற்குக் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். “என்னுது கிருஷ்ணகிரி மாவட்டம். அந்தப் பக்கமும் ஃப்ரீ, இந்தப் பக்கமும் ஃப்ரீ. நடுவுல நான் மட்டும் காசு குடுக்கறேன்.” சொல்லிவிட்டு, சுருட்டி வைத்திருந்த டிக்கெட்டை வளையலுக்குள் செருகிக்கொண்டார். கண்ணாடி வளையல் நான்கு, நடுவில் பிளாஸ்டிக் வளையல் ஒன்று, அதற்கடியில் டிக்கெட். பத்து நிமிடப் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கேமரா பையில் இருந்தது. ஆசிரியர் சொல்லை நாங்கள் ஒழுங்காகக் கேட்டது அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான்.

பொம்மசந்திரா ஆனேக்கல் தாலுகாவில், ஓசூர் சாலையை ஒட்டியிருக்கிறது. நெடுஞ்சாலையின் எண் 44. கன்னியாகுமரியில் தொடங்கி காஷ்மீர் வரை போகிற சாலை என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். இந்த இடத்தில் அது கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் சொந்தமான சாலை. தலைக்கு மேலே மெட்ரோ. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டில் புறப்பட்டு 19 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து முடிகிறது. ஓட்டுநர் இல்லாமலே ஓடும்படி செய்த ரயில். மதியம் ஒரு நடை ஏறிப் பார்த்தோம். முன் பெட்டியில், ஓட்டுநர் இருக்க வேண்டிய கண்ணாடிக்கு எதிரே சின்னப் பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் போனை நீட்டியபடி பெரியவர்கள். பெங்களூரில் இலவசமாகக் கிடைக்கிற மிக நல்ல டிராக்கிங் ஷாட் இதுதான் என்று எங்கள் கேமராக்காரன் சொன்னான். டிக்கெட் எடுத்துத்தான் ஏறினோம், அவன் கணக்கில் அது இலவசம்.

நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோனப்பன அக்ரஹாரா. பயோகான் ஹெப்பகோடி. டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. ஊர்ப் பெயருக்கு முன்னால் கம்பெனிப் பெயர், நம் ஆட்கள் இனிஷியல் போட்டுக்கொள்வதைப் போல. தகப்பன் யார் என்று பலகையே சொல்லிவிடுகிறது. என் புகைப்படக் கட்டுரையின் முதல் படமாக இதை எடுத்தேன். ஆம், பையிலிருந்து கேமரா வெளியே வந்தாகிவிட்டது. பலகைதானே, பலகைக்கென்ன கோபமா வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பலகையில் தொடங்கியது மனிதர்களில் போய் நின்றது.

பொம்மசந்திராவை உலகம் அறிந்தது தொழிற்பேட்டையால் அல்ல, மருத்துவமனையால். தேவி ஷெட்டி 2000-இல் இங்கே தொடங்கிய நாராயண ஹ்ருதயாலயா, குறைந்த செலவில் இதய அறுவைச் சிகிச்சை செய்வதற்காகப் பேர்பெற்றது. மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் அதன் அடையாளம் தெரியும்: லாட்ஜ் பலகைகளில் வங்க எழுத்து, ஹோட்டல் வாசலில் கடுகெண்ணெய் வாசம், மீன் குழம்புச் சோறு, பக்கத்துக் கடையில் நம்மூர் பரோட்டாக் கல்லின் தட்டல். மாதக் கணக்கில் தங்குகிறவர்களுக்காக அடுப்போடு வாடகைக்கு விடும் அறைகள். கையில் பெரிய எக்ஸ்ரே உறையோடு நடக்கிற மனிதர்கள், ஏதோ படம் வரைந்து எடுத்துப்போவதுபோல அதை நெஞ்சோடு பிடித்திருப்பார்கள்.

ஒரு லாட்ஜின் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் எக்ஸ்ரே உறை. தலை சுவரில் சாய்ந்திருந்தது. மாலை வெயில் சரிவாக விழுந்து உறையின் மஞ்சள் நிறம் முகத்தில் பட்டிருந்தது. 50 எம்எம் லென்ஸ், எஃப் 2.8. மூன்று கிளிக்.

மூன்றாவது கிளிக்குக்கு மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கணவராக இருக்க வேண்டும். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். இந்தியில், மெதுவாக, “இதை வைத்து என்ன செய்வாய்?” என்று கேட்டார். மாணவன், பயிற்சி, கல்லூரி என்று உளறினேன். “அவள் ரெண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. இப்போதுதான் தூங்குகிறாள்.” அவ்வளவுதான் சொன்னார். படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்துவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம்” என்றார். மூன்றையும் அவர் கண் முன்னால் அழித்தேன்.

அழித்த படம் நல்ல படம். அந்த நாலு நாளில் நான் எடுத்த மிக நல்ல படம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். இல்லாத படத்தைப் பற்றிப் பெருமை பேசுவது எளிது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது, என்ன நோய், யாருக்கு நோய், எந்த ஊர், எதுவும் தெரியாது. படக்குறிப்பு எழுதச் சொன்னால் ‘பொம்மசந்திராவில் ஒரு பெண்’ என்றுதான் எழுதியிருப்பேன். எங்கள் வகுப்பில் அப்படி எழுதி வருகிற ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி இருக்கும்: “யார்?”

அன்றிரவு அறையில் இதே மருத்துவமனையைப் பற்றிய படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அல் ஜசீரா 2012-இல் ‘இந்தியன் ஹாஸ்பிட்டல்’ என்று ஒரு தொடரையே இங்கே எடுத்தது. நெட்ஃபிளிக்ஸின் ‘தி சர்ஜன்ஸ் கட்’ 2020-இல் வந்தபோது அதில் ஒரு பகுதி தேவி ஷெட்டியைப் பற்றியது. உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இருந்தது. அதைவிட, நாளும் இருந்தது. அறுவைக் கூடத்துக்கு வெளியே காத்திருக்கும் ஒரு தாயின் முகத்தை நெருக்கத்தில் காட்ட வேண்டுமென்றால், அந்தத் தாய் கேமராவை மறக்குமளவுக்கு அங்கேயே கிடக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் மூன்று கிளிக்கில் நடக்கிற காரியமில்லை அது. ‘ஆக்சஸ்’ என்ற சொல்லை வகுப்பில் நூறு முறை கேட்டிருக்கிறோம். கடிதத் தாளில் முத்திரையோடு கிடைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முத்திரை வைத்த கடிதமும் எங்களிடம் இருந்தது. மறுநாள் தொழிற்பேட்டைக்குள் போனபோது அது எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரிந்தது. ஐந்து கேட்டில் காட்டினோம். ஐந்திலும் செக்யூரிட்டிக்காரர்கள் அதை மரியாதையாக வாங்கிப் படித்து, மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். ஒருவர் மட்டும் கன்னடத்தில், “ஃபோட்டோ தெகீபேடி” என்று சொல்லிவிட்டு, எங்களுக்காக வருத்தப்படுவதுபோல் தலையாட்டினார். எச்.ஆர். ஆபீஸுக்கு மெயில் போடுங்கள் என்றார். போட்ட மெயில்களுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

பொம்மசந்திராவில் நடக்கிற எல்லாமே ஒரு மதிலுக்குப் பின்னால்தான் நடக்கிறது. மருந்து, இயந்திர பாகம், ஆடை, பிளாஸ்டிக், எலெக்ட்ரானிக்ஸ். தெருவில் நிற்பவனுக்குக் கிடைப்பது மதில், கேட், மதிலுக்கு மேலே கம்பி, கம்பிக்கு மேலே சில்வர் ஓக் மரத்தின் நுனி. அரைநாள் சுற்றிய பிறகு எங்கள் கேமராக்காரன் நடைபாதையில் உட்கார்ந்து, “பேசாம பனையேறியையே எடுத்திருக்கலாம்டா. பனைமரத்துக்குக் கேட் கிடையாது” என்றான்.

அப்போதுதான் வகுப்பில் பார்த்த ஒரு பழைய படம் நினைவுக்கு வந்தது. லூமியேர் சகோதரர்கள் 1895-இல் பிரான்ஸின் லியோன் நகரில் எடுத்தது. உலகின் முதல் படங்களில் ஒன்று. அதில் நடப்பது இவ்வளவுதான்: ஒரு தொழிற்சாலையின் கேட் திறக்கிறது, வேலையாட்கள் வெளியே வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், நீளப் பாவாடை, தொப்பி. ஒரு நாய் ஓடுகிறது. 46 வினாடி. அதே காட்சியை அவர்கள் மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் வண்டிக்கு ஒரு குதிரை, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் குதிரையே இல்லை. அடையாளம் சொல்ல இன்றும் குதிரையைத்தான் எண்ணுகிறார்கள். ஆக, உள்ளதை உள்ளபடி காட்டிய முதல் படமே ‘ஒன்ஸ் மோர்’ வாங்கிய படம். வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். யாரும் கேமராவின் பக்கம் திரும்புவதில்லை, இடமும் வலமுமாக அழகாகப் பிரிந்து போய்விடுகிறார்கள்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் தொழிற்சாலை லூமியேர் குடும்பத்துடையது. புகைப்படத் தகடு செய்கிற ஆலை. கேமராவை வைத்தவர்களே முதலாளிகள். அவர்களை யார் ‘தெகீபேடி’ என்று சொல்வது? நூறு வருஷம் கழித்து, 1995-இல், ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மானிய இயக்குநர் அதுவரை வந்த படங்களிலிருந்து ஆலை வாசல் காட்சிகளைத் தேடியெடுத்துக் கோத்து, லூமியேர் வைத்த அதே தலைப்பில் ஒரு படம் செய்தார். சினிமா ஆலையின் வாசலில் பிறந்து, ஆலைக்குள் அவ்வளவாகப் போகாமலே வளர்ந்துவிட்டது என்பது அதைப் பார்க்கும்போது உறைக்கும். அப்படியென்றால் நாங்கள் நிற்கிற இடம் ஒன்றும் தப்பான இடமில்லை. எல்லாரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள்.

ஓசூர் சாலையே ஒருமுறை கேட்டுக்கு வெளியே வந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில், வருங்கால வைப்புநிதியில் முதலாளி போட்ட பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் ஏப்ரல் 18, 19 தேதிகளில் வேலையைப் போட்டுவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். ஹெப்பகோடி காவல் நிலையத்தருகே வண்டிகள் எரிந்தன. அந்தப் புகையும் தீயும்தான் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. 19-ஆம் தேதியே அரசு மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. இங்கே ஓர் ஆலையில் வேலை பார்க்கிற பேருந்து அக்காவிடம் பிறகு இதைக் கேட்டேன். தீயைப் பற்றி அவர் சொல்லவில்லை. “அன்னைக்குத்தான் மதியம் பன்னெண்டு மணி வெயில் எப்படி இருக்கும்னு பார்த்தோம். உள்ள இருந்தா டியூப் லைட்டுதானே” என்றார். தீ எரிகிறபோது தீயைத்தான் எடுப்பார்கள், நானும் அதையே எடுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் முழுக்கக் கேமராவைத் தொடவில்லை, ஒலி மட்டும். ஒலிப்பதிவுத் தோழி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். மதில் ஒலியை மறைப்பதில்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். பிரஸ் மெஷினின் இடி ஐந்து வினாடிக்கு ஒரு தடவை, டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம், லாரி பின்னால் வருகிற பீப், எங்கிருந்தோ எஃப்எம்மில் பழைய ராஜ்குமார் பாட்டு, தூரத்தில் மெட்ரோ வளைவில் திரும்பும் கீச்சு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பேசாமல் ஆம்பியன்ஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடம் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் அசையாமல் நிற்பதைப் பார்த்த ஒரு டீக்கடைக்காரர், முடிந்ததும் கூப்பிட்டு, “யாருக்குப்பா அஞ்சலி?” என்று கேட்டார். சேலத்துக்காரர். அவர் கடை பெஞ்சுதான் அதற்கப்புறம் எங்களுக்கு ஆபீஸ். அனுமதிக் கடிதத்தால் ஆகாததை அந்த பெஞ்சு செய்தது: ஷிப்ட் எப்போது மாறும், எந்த கேட்டில் பெண்கள் அதிகம், எந்த செக்யூரிட்டி கோபக்காரர், வெயில் எந்தப் பக்கம் விழும் எல்லாம் அங்கே உட்கார்ந்தே தெரிந்துகொண்டோம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஏ.கே. செட்டியாரை நினைத்துக்கொண்டேன். அவரைப் பயணக் கட்டுரைக்காரராகத்தான் முதலில் படித்தேன். கோட்டையூர்க்காரர், 1911-இல் பிறந்தவர், டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. அப்போது வயது 26 நிறையவில்லை. படிப்பை முடித்த சூடு ஆறாத மாணவன். கண்டம் கண்டமாக அலைந்து, யார் யாரோ எப்போதோ எடுத்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்து, 1940 ஆகஸ்டில் தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் திரையிட்டுவிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சி. எத்தனை கதவு திறந்திருக்கும், எத்தனை மெயிலுக்குப் பதில் வந்திருக்கும்? இத்தனைக்கும், பயணம் பற்றி அவர் எழுதியவற்றில் தன்னைப் பற்றி மிகக் கொஞ்சமாகத்தான் சொல்வார். இந்தக் கட்டுரையில் இதுவரை எத்தனை ‘நான்’ விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எங்கள் காலத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் வந்தபோது எங்களில் யாரும் கேமரா பிடித்ததில்லை. அதற்கு ஒளிப்பதிவு செய்த மதுரைக்காரர் பழனிகுமார், இன்று தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புகைப்படம் சொல்லிக்கொடுக்கிறார். கேமராவைக் கேட்டுக்கு உள்ளே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டால் வெளியே நின்று கெஞ்சுகிற வேலையே இல்லை. நாங்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. கல்லூரிக் கேமராவை யார் கையிலாவது கொடுத்தால் ஸ்டோர் கீப்பர் எங்களை என்ன செய்வார் என்பதுவரைதான் எங்கள் யோசனை போனது.

நாலாவது நாள் மதியம். ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். அந்த அக்கா வேலை பார்க்கிற ஆலைக்கு எதிர்ச்சாரி, பொதுச் சாலை, புங்கை மரத்தடி. டிரைபாட்டின் ஓடுகாலைச் சணல் கயிற்றால் கட்டி, அடியில் செங்கல் வைத்தோம். முந்தின நாளே அக்காவிடம் சொல்லி, அவர் தன்னோடு வருகிறவர்களிடம் சொல்லி, வேண்டாமென்றவர்கள் பக்கத்து கேட் வழியாகப் போய்க்கொள்வதாக ஏற்பாடு. நாலு பேர் வேண்டாமென்றிருந்தார்கள். ஒருவர் காரணமும் சொல்லியனுப்பியிருந்தார்: வேலைக்குப் போவது மாமியார் வீட்டுக்குத் தெரியாது. லூமியேரும் முன்கூட்டிச் சொல்லித்தான் எடுத்தார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் வேண்டாமென்றவர்களுக்கு வேறு கேட் காட்டினாரா, தெரியாது.

சைரன் ஊதவில்லை. இங்கே அது இப்போது ஒரு சின்ன எலெக்ட்ரானிக் மணி, பள்ளிக்கூட மணி அளவுகூடச் சத்தமில்லை. கேட்டின் சின்னக் கதவு மட்டும் திறந்தது. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தார்கள். பெரிய கேட் திறந்து கூட்டம் வெள்ளமாக வரும் என்று வைடு லென்ஸ் மாட்டிக் காத்திருந்த எங்களுக்கு ஒற்றை வரிசைதான் கிடைத்தது. வெளியே வந்த ஒவ்வொருவரும் முதலில் செய்த காரியம் ஒன்றே: காலையில் லாக்கரில் ஒப்படைத்த போனை ஆன் செய்து, வெளிச்சத்துக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். மூன்று அடி நடந்து நின்று, பார்த்து, ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி உடனே யாரையோ அழைத்தாள். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் எப்போதும் கேட்கிற மாதிரியே, கேமரா அங்கே இல்லாத மாதிரி.

30 வினாடி, 35. கேமராக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பேருந்து அக்கா வெளியே வந்தார். பையைக் காட்டினார். போனை எடுக்கவில்லை. நேரே எதிர்ச்சாரியைப் பார்த்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, “தம்பீ! தூண்டிலு நிக்குதா?” என்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சிரிப்பு. செக்யூரிட்டியும் திரும்பினார், அதோடு எங்கள் படப்பிடிப்பு முடிந்தது. மொத்தம் 44 வினாடி. லூமியேருக்கு இரண்டு வினாடி குறைவு.

அந்த ஷாட்டை வைப்பதா வெட்டுவதா என்று எடிட் டேபிளில் இரண்டு நாள் சண்டை. ஆசிரியர் 35-ஆவது வினாடியில் வெட்டச் சொன்னார். நாங்கள் வெட்டவில்லை. மதிப்பெண்ணில் அது தெரிந்தது.

கேட்டுக்கு முன்னால் அக்காவைத் தனியாக ஒரு படமும் எடுத்திருந்தேன். பின்னால் நீலக் கேட், கம்பெனிப் பெயரில் பாதி, மதில், கம்பி, எல்லாம் கணக்காக விழுந்த படம். நாலு நாள் அலைந்து கிடைத்த கேட். சொன்னபடி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவைத்தேன். “சூப்பர் தம்பி” என்று பதில் வந்தது. சற்று நேரத்தில் அவருடைய முகப்புப் படம் மாறியது. கேட்டை, மதிலை, கம்பியை, எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார். அவர் முகமும், காதோரம் ஒரு துண்டு வானமும் மட்டும் இருந்தன.